திரை மட்டும் நின்றது

இசபெல் அந்த விசையை முதல் தடவை தொட்ட அன்று முப்பத்தெட்டுக் குடும்பங்கள் காணாமல் போயின.

அது 1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஹட்டன் நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகளில் நல்வழி நிலையம் நடந்துவந்தது. தோட்டங்களில் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாமல் கிடந்தவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கி, பட்டியலாக்கிக் கொழும்புக்கு அனுப்புவது அதன் வேலை. பொறுப்பாளர் றோலண்ட், முன்பு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர் என்பதால் எல்லாருக்கும் றோலண்ட் மாஸ்டர். இசபெல் அங்கே டைப்பிஸ்ட். இருபத்து நான்கு வயது. வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். அம்மா இறந்து ஏழு வருடம். வீட்டில் அப்பா சூசைரட்ணமும் அவளும் மட்டும்தான்.

ஒல்லாந்துத் திருச்சபை ஒன்று நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியிருந்தது. மேசைக்கு அடியில் பெட்டி, மேலே பச்சை எழுத்துத் தெரியும் திரை, அதன் முன்னால் விசைப்பலகை. வட்டகொடைப் படிவங்களை அடித்துக்கொண்டிருந்தபோது ஓர் எழுத்துப் பிழைத்தது. அழிப்பதற்கென்று 'டெல்' என்று போட்டிருந்த விசையை இசபெல் அழுத்தினாள். எழுத்து அழியவில்லை. திரையிலிருந்த கட்டங்கள், தலைப்பு, காலையிலிருந்து அடித்த முப்பத்தெட்டுக் குடும்பங்களும் ஒரு நொடியில் போய்விட்டன. மூலையில் ஒரு டாலர் குறி மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்து அறைக்கு ஓடினாள். "மாஸ்டர், நான் ஒண்ணும் பண்ணல. ஒரே ஒரு எழுத்தைத்தான் அழிச்சேன்."

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ரயிலில் வந்த முத்துலிங்கம்தான் விஷயத்தை விளக்கினான். இயந்திரத்தைப் பொருத்திக் கொடுத்தவன் அவன். மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவான்.

"நீங்க எந்தக் கீயை அடிச்சாலும் அது எழுத்தா உள்ள போய்ச் சேருதுன்னு நெனைக்கிறீங்க, மிஸ். சிலது அப்படிப் போகாது. பாதி வழியிலயே மெஷின் அதைப் பிடிச்சுக்கும். பிடிச்சு, அந்த நேரம் ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமுக்கு ஒரு சிக்னல் குடுக்கும். டெல் அடிச்சா, 'இந்த நிமிஷமே வேலைய விட்டுட்டுச் செத்துப்போ'ன்னு சிக்னல்."

"கையில உள்ளதை எழுதி வச்சிட்டுச் சாகாதா?"

"இந்தப் புரோகிராம் அப்படிச் செய்யாது. அப்படி எழுதி வைக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்," என்று அவன் தலையைச் சொறிந்தான்.

எழுத்தை அழிக்க வேறு விசையைக் காட்டினான். இன்னும் இரண்டு சொல்லிக் கொடுத்தான். திரையில் வரிகள் வேகமாக ஓடினால் கன்ட்ரோல் விசையோடு எஸ் அடிக்க வேண்டும், நிற்கும். கன்ட்ரோலோடு கியூ அடித்தால் மறுபடி ஓடும். றோலண்ட் மாஸ்டர் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டரை வெட்டி டெல் விசைக்கு மேல் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த விசை பக்கம் யாரும் விரல் வைக்கவில்லை.

பெப்ரவரிக்குள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்துப் பெயர்கள் சேர்ந்துவிட்டன. கடைசியாக, ஒரு வெள்ளிக்கிழமை, இசபெல் தன் லயத்துப் படிவங்களை அடித்து முடித்தாள். அவற்றில் அவளுடைய வீட்டுப் படிவமும் ஒன்று. 'இதற்கு முன் எந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பித்ததில்லை' என்ற வரிக்குக் கீழே அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த வாரமே கொழும்பிலிருந்து கம்ப்யூட்டரில் போட்டு வாசிக்கும் தட்டு ஒன்று வந்திருந்தது. அதில் இன்னொரு பட்டியல். அறுபத்து நாலாம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்து, பாஸ்போட் வாங்கி, கப்பலேறிவிட்டதாகக் கணக்கு வைக்கப்பட்டவர்களின் பெயர்கள். அவர்களில் யாராவது நிலையத்தின் பட்டியலில் இருந்தால் நீக்கிவிட்டுத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும் என்று கடிதம். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு நீக்குவதற்கு முத்துலிங்கம் ஏற்கெனவே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இசபெல் அதை ஓட விட்டாள். பொருந்தும் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மெதுவாக விழுந்தது. வரிசை எண், தகப்பன் பெயர், பெயர், கொழும்புப் பட்டியலில் உள்ள ஊர். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். வரி விழுந்தால் அந்த ஆள் இனி நிலையத்தின் பட்டியலில் இல்லை என்று அர்த்தம்.

நூற்றுப் பதினாறாவது வரியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சோலைமலை, வேலாயி, வட்டகொடை.

தன் லயத்து வேலாயியை அன்று காலையில்தான் பார்த்திருந்தாள். தலையில் மழைக்குக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாயில் ரொட்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள். வட்டவளையில் பிறந்து, வட்டவளையில் கல்யாணம் முடித்து, ஹட்டனுக்கு அப்பால் போகாத மனுஷி. அவள் எப்போது கப்பலேறினாள்?

இசபெல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வரிகள் விழுந்தன.

செபமாலை, சூசைரட்ணம், இறம்பொடை.

சூசைரட்ணம், இசபெல், இறம்பொடை.

விரல்கள் தாமாகப் போய்க் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தின. திரை நின்றது. அவள் தன் பெயரை ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். கீழே புடவைக் கடையில் யாரோ சிரிக்கும் சத்தம் ரொம்பத் தூரத்தில் இருந்து வருவதுபோல இருந்தது.

"மாஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்த றோலண்ட் கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்.

"என்ன, கரண்ட் அடிச்சிருச்சா?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது நீங்களா?"

"எங்கப்பா பேரு. எங்க தாத்தா பேரு. நான் இங்கதானே மாஸ்டர் இருக்கேன். நான் எங்க போனேன்? வேலாயி அக்கா இங்கதானே இருக்கு. பேரு ஒத்துப்போறதை வச்சு ஆளையே தூக்குது இது."

"பதறாதீங்க. இப்ப நிக்குதா, ஓடுதா?"

"கன்ட்ரோல் எஸ் போட்டிருக்கேன். நிக்குது."

றோலண்ட் கொழும்புக்கு டிரங்க் கோல் பதிந்தார். முத்துலிங்கம் அலுவலகத்துக்கு மூன்று மணிக்குத்தான் வருவான் என்றார்கள். புரோகிராமைப் பாதியில் கொன்றால் மிச்சமுள்ள பட்டியலும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். நவம்பரில் பட்டது போதும்.

"நிக்கிறது நிக்கட்டும், யாரும் தொட வேணாம்," என்றார் கடைசியில். "நீங்க பதினொரு மணி பஸ்ஸைப் புடிங்க. வேலாயியையும் உங்கப்பாவையும் பாத்து, பிறப்பு விவரம், முந்தி இருந்த தோட்டம், எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. தப்புன்னு நாம கையில ஆதாரத்தோட சொல்லணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. வேலாயிக்கு வட்டகொடை என்று போட்டிருந்தது. வேலாயி வட்டகொடையில் இருந்ததே இல்லை. ஆனால் அவர்களுக்கு இறம்பொடை என்று போட்டிருந்தது. இசபெல் பன்னிரண்டு வயது வரை இறம்பொடையில்தான் இருந்தாள். உலகத்தில் இன்னொரு செபமாலை மகன் சூசைரட்ணம் இறம்பொடையிலேயே இருந்திருக்கலாம், அவனுக்கும் இசபெல் என்று மகள் இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மலையில் கொழுந்து நிறுக்கும் நேரம். கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்ற வேலாயியைத் தனியே கூப்பிட்டு, இசபெல் விஷயத்தைச் சொன்னாள். வேலாயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னாது? நான் இந்தியாவுக்குப் போயிட்டேனா? யாரு கூட?"

"அப்புடித்தான் எழுதியிருக்காங்க அக்கா."

"அடியாத்தி. அப்ப இங்க கொழுந்து எடுக்குறது யாரு?" வேலாயி சிரிக்கப் பார்த்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "தங்கச்சி, வெளையாடாத. நெசமா எம் பேரை எடுத்துட்டாங்களா? மூணு புள்ளைங்க இருக்குதுக. அதுகளுக்கும் பேரு இல்லாமப் போயிருமா?"

வட்டகொடையில் வேலாயி என்று யாராவது உறவு உண்டா என்று இசபெல் கேட்டாள். வேலாயி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க ஒண்ணுவிட்ட பெரியப்பனுக்கும் சோலைமலைன்னுதான் பேரு. அவரு மகளுக்கும் என் பேருதான். கொலசாமி பேரு, எல்லா வீட்லயும் வப்பாங்க. அந்தக்கா எழுவத்தெட்டுல குடும்பத்தோட போயிருச்சு. நான்தான் ஸ்டேஷன்ல நின்னு அழுதேன்."

இசபெல் அதை எழுதிக்கொண்டாள். அவளுக்கு உயிர் வந்தது. இயந்திரம் தப்பு. பெயரை வைத்து ஆளைத் தூக்குகிறது. தங்கள் விஷயமும் இதே மாதிரித்தான் இருக்கும். ஏறக்குறைய ஓடியே லயத்துக்கு வந்தாள்.

அப்பா அவர்கள் குடியிருந்த காம்பறாவுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். கால் வலியால் ஒரு வருடமாக மலை வேலைக்குப் போவதில்லை. மகளை அந்த நேரத்தில் பார்த்ததும் கோடரியைத் தாழ்த்தினார்.

"என்ன புள்ள, மேலுக்கு முடியலையா?"

"அப்பா, நம்ம இறம்பொடையில இருந்தப்போ செபமாலை மகன் சூசைரட்ணம்னு இன்னொருத்தரு இருந்தாரா?"

"இல்லையே. ஏன்?"

அவர் யோசிக்காமல் சொன்ன பதில் அது. சொன்ன பிறகுதான் மகளுடைய முகத்தைப் பார்த்தார்.

"மெஷின் ஒரு பட்டியல் போட்டுச்சு. இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துப் பாஸ்போட் வாங்கினவங்க பேரு. அதுல நம்ம பேரு வந்துச்சுப்பா. வேலாயி அக்கா பேரும் தப்பா வந்துச்சு. அந்த மாதிரித்தானே இதுவும்?"

அப்பா கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையிலிருந்த மரத்தூளைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வேலாயிக்குத் தப்பா இருக்கலாம்," என்றார். "நமக்குச் சரியாத்தான் போட்டிருக்கு."

இசபெலுக்கு அந்த வார்த்தைகள் காதில் விழுந்தன. பொருள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. விறகுக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுவத்து நாலு," என்று அப்பா நின்றபடியே சொன்னார். "மாவு இல்ல, அரிசி இல்ல. பக்கத்து லயத்துல ஒரே வாரத்துல ரெண்டு புள்ளைங்க செத்துச்சு. நீ மரவள்ளியைத் தின்னுட்டு வயிறு வீங்கிக் கெடந்த. உங்கம்மா எங்கயாச்சும் போயிருவோம்னு அழுதா. ஏற்கனவே எழுதிக் குடுத்திருந்தேன், அந்த வருஷக் கடைசியில பாஸ்போட் வந்துச்சு."

"அப்புறம் ஏன் போகல?"

"உங்க சித்தப்பன் மொதல்ல போனான்ல. அவன் கடுதாசி போட்டான். 'அண்ணே, நெலம் தர்றேன்னாங்க, குடுத்தது பாறை. கல்லு ஒடைக்கிறோம். இங்க எங்களை சிலோன்காரன்னு சொல்றாங்க. பட்டினி கெடந்தாலும் அங்கயே கெடங்க, வராதீங்க.' அதை வாசிச்சதுக்கு அப்புறம் எனக்குக் கால் வரல. ரயில் தேதிக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. விடியக்காலையில மூட்டையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டோம். இங்க இருந்த கங்காணி ஒண்ணும் கேக்கல, பேரு பதிஞ்சுட்டாரு."

உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். பாஸ்போட். முதல் பக்கத்தைத் திருப்பியதும் அப்பா, அம்மா, நடுவில் இரட்டைப் பின்னலோடு அவள்.

அந்தப் படம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நுவரெலியாவில் ஸ்டூடியோவில் எடுத்தது. புதுச் சட்டை தைத்துப் போட்டு, எடுத்து முடித்ததும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். படம் எங்கே என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கழுவும்போது கெட்டுப்போய்விட்டது என்று அம்மா சொன்னாள். அம்மாவும் பொய் சொல்லியிருக்கிறாள்.

"நான்தானேப்பா டைப் பண்ணேன்," என்றாள் இசபெல். "எங்கயும் விண்ணப்பிச்சதில்லைன்னு நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன்."

"ஊரு சனத்துக்கெல்லாம், பொய் எழுதினா மொத்தப் பட்டியலையும் தள்ளிருவாங்கன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. பாஸ்போட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள். அப்பா இரண்டு தடவை கூப்பிட்டது கேட்டது.

ஹட்டனுக்கு வந்தபோது மூன்றரை மணி. திரை அவள் விட்டுப்போன மாதிரியே நின்றிருந்தது. நூற்றுப் பதினெட்டு. சூசைரட்ணம், இசபெல், இறம்பொடை. ஐந்து மணி நேரமாக அவளுடைய பெயர் அசையாமல் அங்கேயே இருந்திருக்கிறது. றோலண்ட் ஒரு தேத்தண்ணிக்குக்கூட வெளியே போகாமல் பக்கத்திலேயே காவல் இருந்திருக்கிறார்.

வேலாயி விஷயத்தை முதலில் சொன்னாள். பிறகு பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தாள். றோலண்ட் அதைப் பிரித்துப் பார்த்தார். பிரித்தவர் மூடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு இது..."

"இன்னைக்குத்தான் தெரியும் மாஸ்டர். சத்தியமா இன்னைக்குத்தான்."

அந்த நேரம் டெலிபோன் அடித்தது. டிரங்க் கோல் கிடைத்துவிட்டது. றோலண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, வேலாயி மாதிரி இன்னும் பலர் தப்பாகப் போயிருப்பார்கள், இதை இத்தோடு நிறுத்த வேண்டும், எப்படி நிறுத்துவது என்று கேட்டார். டெல் விசையை அழுத்தச் சொன்னான் முத்துலிங்கம்.

"அதுக்கு மேல பிளாஸ்டர் ஒட்டியிருக்கோமே!"

"பிச்சிட்டு அழுத்துங்க மாஸ்டர். இப்ப உங்களுக்கு அதுதான் வேணும்."

இசபெல் நகத்தால் பிளாஸ்டரை உரித்தாள். பசை விரலில் ஒட்டியது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திறந்தபோது, கடைசி வரிக்குக் கீழே டாலர் குறி மினுங்கிக்கொண்டிருந்தது.

"நின்னுருச்சு," என்றார் றோலண்ட். "நூத்திப் பதினெட்டோட நின்னுருச்சு. தப்பிச்சோம்."

பட்டியலில் இப்போது எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னான் முத்துலிங்கம். இசபெல் அதற்கான கட்டளையை அடித்தாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தில் நூற்றுப் பதினெட்டுப் போனால் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருக்க வேண்டும்.

திரையில் 2187 என்று வந்தது.

மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடியும் 2187.

"அஞ்சு பேரு கூடப் போயிருக்காங்க," என்றாள். றோலண்ட் டெலிபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சேர், நான் காலையில பத்தரைக்கே நிறுத்திட்டேன். அஞ்சு மணி நேரமா யாரும் தொடல. எப்படிப் போச்சு?"

எந்தக் கீயை அடித்து நிறுத்தினாள் என்று முத்துலிங்கம் கேட்டான்; அவள் சொன்னாள்.

"மிஸ், கன்ட்ரோல் எஸ் அடிச்சு நீங்க நிறுத்தினது திரையை. புரோகிராமை இல்ல. அதுகிட்ட யாரும் நிறுத்தச் சொல்லல. அது பாட்டுக்கு உள்ள வேலையைச் செஞ்சுக்கிட்டு, எழுத வேண்டிய வரியை ஒரு எடத்துல சேத்து வச்சிருக்கு. அந்த எடம் நெறைஞ்சா தானா நின்னிருக்கும். ஆனா மிச்சம் இருந்தது அஞ்சே வரி. நெறையல. அதனால நீங்க எந்திரிச்சுப் போன கொஞ்ச நேரத்துலயே அது முடிச்சிட்டு அடங்கியிருக்கும்."

"அப்ப நாங்க காவல் காத்தது?"

"வெறுந்திரையை," என்றான். பிறகு, "அந்தத் தப்பும் என்னதுதான். நிக்கும்னு மட்டும் சொல்லிட்டு, எது நிக்கும்னு நான் சொல்லல," என்றான்.

அவள் டெலிபோனை வைத்தாள். தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, வேலாயியோடு பேசியபோது, அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது எல்லாம் தன் பெயர் காலையிலேயே போய்விட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஐந்து பேர் திரைக்குக்கூட வராமல் போயிருக்கிறார்கள். சேர்த்து வைத்திருந்த அந்த ஐந்து வரிகளையும் டெல் விசை கொட்டிவிட்டது. யார் அந்த ஐந்து பேர் என்று அவளுக்கும் தெரியவில்லை, மாஸ்டருக்கும் தெரியவில்லை.

முத்துலிங்கம் ஞாயிற்றுக்கிழமைக் காலை ரயிலில் வந்து சேர்ந்தான். புதன்கிழமை நகல் எடுத்து வைத்த தட்டிலிருந்து பழைய பட்டியலை மீட்டான். வியாழனும் வெள்ளியும் அடித்த முந்நூற்று நாற்பது பெயர்களை இசபெல் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. ஒப்பிடும் புரோகிராமை அவன் மாற்றினான். இனி அது யாரையும் நீக்காது. பொருந்தும் பெயர்களைத் தாளில் அச்சிடும், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு இசபெல் தன் வீட்டுப் படிவத்துக்கு வந்தாள். அதை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். றோலண்ட் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

படியில் தடியூன்றி யாரோ ஏறும் சத்தம் கேட்டது. அப்பா. கால் வலியோடு பஸ்ஸேறி வந்திருக்கிறார். நிலையத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"மாஸ்டர், எம் பேரை அந்தப் பட்டியல்ல போட வேணாம்ங்க. நான் போட்டது பொய்க் கையெழுத்து. ஆனா நான் போகல. பாஸ்போட் வாங்கினேன், போகல. அதை அப்புடியே எழுதி எங்கயாச்சும் அனுப்ப முடியுங்களா?"

"அப்படி ஒரு பட்டியல் நம்மகிட்ட இல்லைங்களே," என்றார் றோலண்ட்.

"அப்ப ஒண்ணு போடுங்க."

இசபெல் தலை நிமிரவில்லை. தன் வீட்டுப் படிவத்தைக் குறுக்கே கிழித்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, அப்பா சொன்னதை அப்படியே கையால் எழுதினாள். அவரோடு அவள் அப்போது பேசியது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, "இங்க" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

எல்லாப் பெயரையும் அடித்து முடித்ததும் முத்துலிங்கம் புரோகிராமை ஓட விட்டான். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டு வரி வரியாகத் தள்ளியது. கிழித்த படிவத்துக்கு உரிய இரண்டு பெயர்களும் போக நூற்று இருபத்தொரு வரிகள். இசபெல் தாளைப் பிடித்துக்கொண்டு நேராகக் கடைசிக்குப் போனாள். வேலாயி பெயருக்குக் கீழே அந்த ஐந்து பேர்.

ஆண்டியப்பன். அவன் மனைவி நாகலெட்சுமி. அவர்களுடைய மூன்று பிள்ளைகள். வட்டவளை.

"அப்பா," என்றாள் அவள், பேசக்கூடாது என்றிருந்ததை மறந்து. "பக்கத்துக் காம்பறா."

அப்பா தாளைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது. அவள் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பதின்மூன்று வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். அந்தப் பக்கம் பிள்ளை அழுதால் இந்தப் பக்கம் தூக்கம் வராது. நாகலெட்சுமியின் மூன்றாவது பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததே சூசைரட்ணம்தான்.

பின்னேரம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். லயத்துக்கு வந்ததும் அப்பா தன் வீட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கதவைத் தட்டினார். ஆண்டியப்பன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். இசபெல் தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்கண்ணே," என்று அவன் சூசைரட்ணத்தின் கையைப் பிடித்தான். "வேலை போயிரும். புள்ளைங்களை ஸ்கூல்ல இருந்து அனுப்பிருவாங்க. நான் போகத்தான் இருந்தேன், எண்பத்து நாலுல கப்பல் நின்னுபோச்சு..."

"டேய், எனக்கும் இருக்குடா," என்றார் சூசைரட்ணம்.

"என்னா?"

"பாஸ்போட். எனக்கும் இருக்கு. எழுவத்து நாலுல இருந்து இருக்கு."

ஆண்டியப்பன் அவரையே பார்த்தபடி நின்றான். உள்ளே நாகலெட்சுமி பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளும் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து அவர்களைப் பார்த்தாள்.

கொழும்பிலிருந்து றோலண்ட் இரண்டு வாரத் தவணை வாங்கினார். நிலையத்து ஆட்கள் தாளில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டார்கள். நாற்பத்தாறு பேர் வேலாயி மாதிரி, பெயர் ஒத்துப்போனதால் மாட்டியவர்கள். அவர்களுடைய பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. மற்ற எழுபத்தைந்து பேரும் பாஸ்போட்டை வீட்டில் ஒளித்து வைத்திருந்தவர்கள். இசபெலையும் அவள் அப்பாவையும் சேர்த்தால் எழுபத்தேழு. அவர்களுக்காக றோலண்ட் இரண்டாவது பட்டியல் ஒன்று போட்டு, தனியாகக் கடிதம் எழுதி அனுப்பினார்.

அடுத்த வருடம் வேலாயிக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நிலையத்துப் படியேறி வந்து இசபெலிடம் காட்டிவிட்டுப் போனாள். இரண்டாவது பட்டியலுக்கு, கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் இருக்கிறதென்ற செய்தி எப்படியோ தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். படியில் நின்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சேலை முந்தானைக்குள்ளிருந்தோ இடுப்பிலிருந்தோ பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தார்கள். இசபெல் ஒவ்வொருவருக்கும் நாற்காலியைக் காட்டி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.